சூரியனில் தெரிந்த பெரிய பொட்டு

அன்புள்ள சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நடமாட்டத்தோடும் வழக்கமான சண்டை சச்சரவோடும் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி, மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. உயிருக்கு ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆனால் கவலைப்பட வேண்டிய விஷயம்தான். அம்மாவின் வலது கண் கெட்டுப்போயிருக்கிறது, எந்த அளவுக்கு என்று இன்றைக்குத்தான் தெரியும். கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறோம், மடியில் ஒரு பழைய பத்திரிகையை வைத்து அதன்மேல் இதை எழுதுகிறேன். சொட்டு மருந்து விட்டு, கண்ணைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால் என் பக்கத்து நாற்காலியிலேயே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பேனா ஓடுகிற சத்தம் கேட்டு இப்போதுதான் என்ன எழுதறீங்க என்றாள், பட்டறையில செய்யற ஒரு கேட்டுக்கு எவ்வளவு இரும்பு பிடிக்கும்னு பாக்கறேன் என்று சொல்லிவைத்தேன். உன்னிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். போனில் என்றுதான் சொன்னாள், கடிதத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

போன வாரம் நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மாவுக்கு என்மேல கோபமாப்பா, முகம் கொடுத்தே பேச மாட்டேங்கறா, வீடியோவுல என்னைப் பாக்காம எங்கேயோ பாத்துட்டிருக்கா என்று கேட்டாயே, நான்கூட அவளுக்குத் தலைவலி என்று மழுப்பினேனே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். நீ லீவைத் தள்ளிப்போட்டதற்காக அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று நினைத்து நீ அழுதாய் என்று மாப்பிள்ளை எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். அதைப் படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. லீவைப் பற்றி அவளுக்கு ஒரு குறையும் கிடையாது, அடுத்த வருஷம் வால் நட்சத்திரம் ஒன்று வருகிறதாம், அப்போது நீ வந்தால் உன்னையும் அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

நீ அனுப்பின டெலஸ்கோப் வந்ததிலிருந்து உன் அம்மா எப்படி இருந்தாள் என்பது உனக்குத் தெரியும், ஆனால் பக்கத்தில் இருந்து அனுபவித்தவன் நான். அடுப்பில் பால் பொங்கி வழிவது தெரியாது, சனிக்கிரகத்துக்கு இன்னும் எத்தனை நிலா கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது தெரியும். சாப்பிட உட்கார்ந்தால் போனைப் பார்த்துச் செய்தி வாசிப்பாள். ஏதோ ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு கிரகமாம், அங்கே மூன்று நாளில் ஒரு வருஷம் முடிந்துவிடுமாம், அங்க பொறந்திருந்தா நமக்கு இப்ப ஏழாயிரம் வயசுங்க என்றாள், உன்கூடக் குடித்தனம் பண்ணதுல எனக்கு இங்கேயே அவ்வளவு ஆயிடுச்சு என்றேன், இரண்டு நாள் எனக்குச் செய்தி வாசிக்கவில்லை. வானம் பார்ப்பவர்கள் குழு என்று போனில் ஒரு கூட்டம் வைத்திருக்கிறாள், ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்த்ததுகூட இல்லை, ஆனால் சொந்தக்காரர்களைவிட அவர்களைப் பற்றித்தான் பேச்சு. ஆஸ்பத்திரி லேபில் பகலெல்லாம் மைக்ராஸ்கோப்பில் ரத்தம் பார்க்கிறாயே, சாயங்காலமும் இன்னொரு குழாயில் கண்ணை வைக்க அலுக்கவில்லையா என்று ஒரு நாள் கேட்டேன். அங்க பாக்கறது எல்லாம் யாருக்கோ வந்த கஷ்டம்ங்க, இங்க பாக்கறதுல யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்ல என்றாள். அதற்குப் பிறகு நான் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டேன், அடியோடு நிறுத்தவில்லை.

கண் கெட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குழுவில் ஒரே பரபரப்பு. சூரியனில் ஒரு பெரிய கரும்பொட்டுக் கூட்டம் வந்திருக்கிறதாம், பல பூமிகளை அதற்குள் போட்டு மூடிவிடலாமாம். அம்மா கால் தரையில் பாவாமல் மாடிக்கு ஓடினாள். சூரியனைப் பார்ப்பதற்கு அவள் ஒரு முறை வைத்திருக்கிறாள், நானே பலமுறை பார்த்திருக்கிறேன். பெரிய குழாயின் வாயில், வெயிலை வடிகட்ட நீ அனுப்பிய வெள்ளித்தாள் மூடியை மாட்டி, கழன்று விழாதபடி இழுத்துப் பார்ப்பாள். பிறகு அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாய், குறி பார்ப்பதற்கு இருக்கிறதே, அதற்குக் கறுப்பு மூடி போட்டுவிடுவாள், ஏனென்றால் அதற்கு வெள்ளித்தாள் கிடையாது, பூதக்கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் காகிதத்தைக் கொளுத்துகிற மாதிரி கண்ணைக் கொளுத்திவிடும். குறி வைப்பதெல்லாம் தரையில் விழும் நிழலை வைத்துத்தான், குழாயின் நிழல் எப்போது ரொம்பச் சின்னதாகச் சுருங்குகிறதோ அப்போது சூரியன் உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். நான்தான் நிழலைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன், எனக்கும் காட்டினாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், ஓரமாக மிளகைச் சிந்தினது போல் நாலைந்து பொட்டு. இவ்வளவுதானா என்று சொல்லிவிட்டு நான் பட்டறைக்கு இறங்கிவிட்டேன். அந்தச் சின்னக் குழாய் மூடியில்லாமல் வாயைப் பிளந்துகொண்டு இருந்ததை நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்கு வெள்ளிக்கிரகத்தைக் காட்டுகிறேன் என்று கழற்றி நைட்டிப் பையில் போட்டிருக்கிறாள், அந்த நைட்டி துவைக்கிற துணியோடு கிடந்தது.

நான் இறங்கின பிறகு மறுபடி பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாள். சூரியன் நகர்ந்துவிட்டது, திரும்பக் குறி வைக்க வேண்டும், அதற்குள் மெல்லிய மேகம் வந்து நிழல் கலங்கிவிட்டது. மேகம் மூடிவிடுமோ என்ற அவசரம், தினமும் சாயங்காலம் செய்கிற கைப்பழக்கம், சின்னக் குழாயில் குனிந்துவிட்டாள். அதே நேரம் மேகம் விலகியது. ஒரு நொடிதான் என்கிறாள். பட்டென்று தலையைத் தூக்கிவிட்டாளாம், கண்ணைக் கசக்கிக்கொண்டு, கொஞ்சம் கூசுகிறது என்று நினைத்துக்கொண்டு, பெரிய குழாயில் பார்த்தால் சூரியனின் நடுவில் முன்பு இல்லாத ஒரு பெரிய பொட்டு தெரிந்ததாம். மிளகெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லையாம். என் அம்மாடி, இதுதான் எனக்கு ஆறவில்லை, அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள். கண்ணெதிரிலேயே புதுசாக ஒன்று பிறந்துவிட்டது என்று காகிதத்தில் வரைந்து, போட்டோ எடுத்து, நடுவில் புதிதாக ஒரு பெரிய பொட்டு, வேறு யாருக்காவது தெரிகிறதா என்று குழுவில் போட்டுவிட்டாள். பதில்கள் வந்தன. போனை எடுத்துப் படிக்கப் போனால் ஒவ்வொரு வார்த்தையிலும் நடு எழுத்தைக் காணோம். அப்புறம் தண்ணீர்த் தொட்டியின் வெள்ளைச் சுவரைப் பார்த்திருக்கிறாள், அங்கேயும் அதே பொட்டு. வலது கண்ணை மூடினாள், பொட்டு போய்விட்டது.

அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள், கண்ணின் உட்புறத்தைப் போட்டோ எடுக்க அழைத்துப் போயிருக்கிறார்கள். இப்போது கொஞ்சம் வேகமாக எழுதலாம். அவளுக்கு இடது கண் சின்ன வயதிலிருந்தே மந்தம், அது ஒப்புக்குச் சப்பாணியாகத்தான் இருக்கிறது. படிப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது, மைக்ராஸ்கோப், டெலஸ்கோப் எல்லாமே வலது கண்தான். அந்த ஒன்றுதான் போயிருக்கிறது. அன்றைக்கு மாடியிலிருந்து இறங்கி வந்தவள் என்னிடம் பொட்டைப் பற்றி மூச்சு விடவில்லை, வெயில் கண்ணுல அடிச்சிடுச்சுங்க என்று மட்டும் சொன்னாள். நான் யார், இத்தனை வருஷமாக வெல்டிங் அடிக்கிறவன், கண்ணைப் பற்றி எனக்குத் தெரியாதா. ஷீல்டு இல்லாமல் நெருப்பைப் பார்த்துவிட்டால் ராத்திரியில் கண்ணுக்குள் மணலைக் கொட்டின மாதிரி உறுத்தும், தண்ணீராகக் கொட்டும், இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும், எங்கள் பட்டறையில் படாதவன் கிடையாது. மணல் மாதிரி உறுத்துதா என்றேன், இல்லை என்றாள். தண்ணி வருதா, இல்லை. வலி, அதுவும் இல்லை. அப்ப ஒண்ணுமே இல்ல, போய் வேலையைப் பாரு என்று சொல்லிவிட்டேன். சூரியன் சுடுவது கண்ணுக்குள்ளே பின்பக்கத்தையாம், அங்கே வலியே தெரியாதாம், வலிக்காததுதான் ஆபத்தாம். இது எனக்கு இங்கே வந்து உட்கார்ந்த பிறகு சொட்டு மருந்து விட்ட நர்ஸம்மா சொல்லித்தான் தெரியும். வலி இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று நான் சொன்னதை அவள் நம்பினாள், நம்ப ஆசைப்பட்டாள் என்றுதான் தோன்றுகிறது. என் வாயை அடைத்து வெல்டிங் பண்ணியிருக்கலாம்.

அதற்கப்புறம் அவள் நடந்துகொண்டதெல்லாம் விசித்திரமாக இருந்தது, எனக்கு மண்டையில் ஏறவில்லை. டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள். போனை என்னிடம் கொடுத்து, நீங்க படிங்க, உங்க குரல்ல கேக்கணும்போல இருக்கு என்று வானச் செய்திகளை வாசிக்கச் சொன்னாள், இந்த வயதில் என் குரலுக்கு இப்படி ஒரு மவுசா என்று நானும் குஷியாக வாசித்தேன். எல்லாவற்றையும்விட, பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் காதையே பார்த்தாள். காதில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், கண்ணாடியில் பார்த்தேன், முடி வளர்ந்து அசிங்கமாகத் தெரிகிறதோ என்று சலூனுக்குப் போய் இரண்டு காதையும் சுத்தமாக வழித்துக்கொண்டு வந்தேன். அப்போதும் காதைத்தான் பார்த்தாள். ஒரு சாயங்காலம் சமையலறையில் நின்று தலையை லேசாகச் சாய்த்து என்னைப் பார்த்தபோதுதான் எனக்குத் திக்கென்றது, அந்தப் பார்வையை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. டெலஸ்கோப் வந்த புதிதில் ஒரு மங்கலான புகைத் திட்டைக் காட்டினாள், அது வேறொரு நட்சத்திரக் கூட்டமாம். நான் எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. நேரா பாக்காதீங்க, கொஞ்சம் பக்கத்துல பாருங்க, மங்கலானது ஓரக்கண்ணுக்குத்தான் தெரியும் என்றாள், அப்படியே பக்கத்தில் பார்த்தால் புகைத் திட்டு தானாக வந்து நின்றது. கல்யாணத்துக்கு முந்தி என்னைப் பாத்த பார்வை இதுக்குத்தான் பழகிக்கிட்டதா என்றுகூடக் கிண்டல் செய்தேன். இப்போது சமையலறை விளக்கில், மூன்றடி தூரத்தில், அவள் என்னை அந்தப் புகைத் திட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் மூக்கை நேரா பாரு என்றேன். பார்த்தாள். என்ன தெரியுது என்றேன். உங்க மூக்கு இருக்கற எடத்துல சாம்பல் கலர்ல ஒரு பொட்டு இருக்குங்க, அதைச் சுத்தி நீங்க இருக்கீங்க என்றாள். எனக்குக் கோபம் வந்தது என்று சொல்லலாம், பயம் என்றும் சொல்லலாம், இரண்டும் ஒரே கத்தலாகத்தான் வெளியே வந்தது. பழமொழி ஒன்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அதற்குள் அவளே, கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்னுதானே சொல்லப் போறீங்க, நான் சூரிய நமஸ்காரம் பண்ணித்தாங்க கண்ணையே கெடுத்துக்கிட்டேன் என்று சொல்லிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். நம் வீட்டில் அவள் அழுது நீ பார்த்திருக்க மாட்டாய். டாக்டரிடம் போகலாம் என்றேன், மாட்டேன் என்றாள். போனால் கண் சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள், லேபில் மைக்ராஸ்கோப் பக்கம் விடமாட்டார்கள், தானாகச் சரியானாலும் ஆகலாம், கொஞ்ச நாள் பொறுங்கள் என்று சாதித்தாள். சிட்டுவுக்குத் தெரிஞ்சா தான் அனுப்பின டெலஸ்கோப்புனாலதான் இப்படி ஆச்சுன்னு உருகிப் போயிடுவா என்பதும் சேர்ந்துகொண்டது. அப்படியானால் இத்தனை நாளாக லேபில் என்ன செய்தாய் என்று கேட்டேன். வேண்டுமென்று கேட்கவில்லை நான், வாயில் வந்துவிட்டது, ஆனால் அந்தக் கேள்விதான் அவளைத் தூங்கவிடவில்லை. லேபில் இருப்பது இவளும் புதிதாக வந்த ஒரு பெண்ணும்தான், அந்தப் பெண்ணை முதலில் பார்க்கவைத்துவிட்டு, தான் ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் நான் கூப்பிடாமல், யாரும் கேட்காமல், அவளே லேப் டாக்டரின் அறைக்குப் போய் நின்றிருக்கிறாள். நடந்ததை எல்லாம் சொல்லி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் கையெழுத்துப் போட்ட ரத்த ஸ்லைடு ஒண்ணு விடாம நீங்க திரும்பப் பாக்கணும் என்று கேட்டிருக்கிறாள். அவர் வயதில் இவளைவிடச் சின்னவர், இவளிடமிருந்து நிறையக் கற்றுக்கொண்டவர், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாராம். ஒன்றே ஒன்றில் தப்பு இருந்தது. காய்ச்சலோடு வந்த ஒரு வாட்ச்மேன், அவர் ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்திருக்கிறது, இவள் இல்லை என்று எழுதியிருக்கிறாள். உடனே ஆளைத் தேடிப் பிடித்து அழைத்துவந்து மருந்து ஆரம்பித்துவிட்டார்கள், அவர் இப்போது தேறிவருகிறார். அம்மா அவர் படுத்திருக்கும் வார்டுக்குப் போய், என்னாலதான் லேட்டாச்சு என்று நேரிலேயே சொல்லிவிட்டு வந்தாள். அவர் புரியாமல், பரவால்லம்மா, இப்ப பசிக்குது, அது நல்லதுதானே என்றாராம். வீட்டுக்கு வந்து, போலாங்க கண் டாக்டர்கிட்ட என்றாள். இவ்வளவுதான் நடந்தது. லேப் டாக்டர் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை, கண் என்ன சொல்லுதுன்னு தெரியட்டும், அதுவரைக்கும் ஸ்லைடு மட்டும் வேண்டாம் என்றாராம். ஸ்லைடு இல்லாமல் அவளுக்கு அங்கே என்ன வேலை என்பது அவருக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும்.

வந்துவிட்டாள், மறுபடி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எங்களுக்கு முன்னால் போனவர் இன்னும் வெளியே வரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் உடம்பு தூக்கிப்போடுகிறது. கை சில்லென்று இருக்கிறது அவளுக்கு, பிடித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் இந்த வரிகள் கோணல்மாணலாக இருக்கும். இரும்புக் கணக்கு ரொம்ப நீளமா போகுதே, கேட்டா, கோட்டையா என்கிறாள். இதோ கூப்பிடுகிறார்கள்.

பார்த்தாயிற்று. சொல்கிறேன், பதறாதே. டாக்டரம்மா கண்ணுக்குள் எடுத்த படத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், சரியாக நடுவில் ஒரு சின்னப் பொட்டு. நேராகப் பார்க்கிற இடம் அதுதானாம், அங்கேதான் சுட்டிருக்கிறது. உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா, தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் அந்தத் திரையைப் பார்த்துவிட்டு, என்னங்க, அன்னைக்கு நாம பாத்த சூரியன் மாதிரியே இருக்கு இல்ல என்றாள். அப்புறம் டாக்டரம்மாவிடம், பொட்டு எவ்வளவு அகலம் டாக்டர், ஓரம் வரவரச் சுருங்குமா, எத்தனை நாளைக்கு ஒருதரம் படம் எடுத்துப் பாப்பீங்க என்று குழுவில் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டே போனாள். ஒரு மில்லிமீட்டரில் சின்னப் பங்குதான் என்றார் அவர். சூரியன்ல இருந்த பொட்டுக்குள்ள பல பூமியைப் போடலாம், இது ஒரு மணல் அளவுகூட இல்ல, எனக்கு இதுதான் பெரிசா தெரிஞ்சுது என்றாள். டாக்டரம்மா இவளை ஒரு மாதிரி பார்த்தார், பைத்தியம் என்று நினைத்தாரோ, மரியாதையா, தெரியவில்லை. இதற்கென்று மருந்து கிடையாதாம். பல பேருக்குச் சில மாதங்களில் தானாகவே தெளியும், சிலருக்கு ஒரு சின்னப் பொட்டு கடைசிவரை நின்றுவிடும், இப்போதே எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். நிச்சயம் சரியாகிவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அவர் காலில் விழாத குறையாகக் கேட்டேன், அப்படிச் சொன்னால் அது பொய் என்றார். நல்லவர்தான், ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆக, தெரிய வேண்டியது இன்னும் தெரியவில்லை, மாதக்கணக்கில் இப்படியே காத்திருக்க வேண்டும்.

நான் சொல்வதைக் கேள். டெலஸ்கோப் அனுப்பினது நீ என்பதற்காக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, கத்தி வாங்கிக் கொடுத்தவர்தான் காய் நறுக்கும்போது விரலை வெட்டினார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கோபத்தில் அதைக் கழற்றி மூட்டை கட்டப் போனேன், அவள் விடவில்லை, நான் பண்ண தப்புக்கு அது என்ன பண்ணும் என்றாள். சரி என்று அந்தச் சின்னக் குழாயை மட்டும் அடியோடு கழற்றி, அது இருந்த இடத்தில் ஒரு இரும்புத் தகட்டை வைத்து அடைத்துவிட்டேன், இனி அதில் குனிய வேண்டுமென்றால் வெல்டிங்கை அறுத்துவிட்டுத்தான் குனிய வேண்டும். செய்தி வாசிப்பதை நான் தொடர்ந்து செய்கிறேன், இன்று காலையில்கூடப் புறப்படுவதற்கு முன் ஏதோ ஒரு கிரகத்தில் நீராவி இருப்பதாகப் படித்தேன், பேரைத் தப்பாக வாசித்தேன் என்று திருத்தினாள். உன் மாமா காதில் இதைப் போட்டுவிடாதே, ரேடியோ மாமா என்று நீ சும்மாவா பேர் வைத்தாய், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அவளுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது என்று ஆகிவிடும். போன தடவை உனக்கு இருமல் இருந்ததே, விட்டதா. வேலை வேலை என்று சாப்பாட்டை நேரம் தப்பிச் சாப்பிடாதே. வலி இல்லை என்பதற்காக உடம்பில் எதையும் சும்மா விட்டுவிடாதே, இது உன் அப்பாவுக்கு இப்போதுதான் வந்த புத்தி.

முடித்து மடிக்கலாம் என்று இருந்தேன். கறுப்புக் கண்ணாடி ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அதைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் சினிமாக்காரி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். கணக்கு முடிஞ்சுதா என்றாள். முடியப்போகுது என்றேன். அப்ப கடைசியில நான் சொல்றதையும் சேத்துக்குங்க என்றாள். எதை என்று நான் முழித்தேன். முப்பது வருஷமா உங்களைத் தெரியும், இரும்புக் கணக்கு போடறப்ப யாராவது மூக்கை உறிஞ்சுவாங்களா என்றாள். ஆகவே மேலே எழுதியதெல்லாம் அவளுக்குத் தெரியாது என்று நினைத்து எழுதியது, இனி வருவது அவள் சொல்லி எழுதியது.

சீரும் சிறப்புமாக, கண்ணும் கருத்துமாக நீங்கள் இரண்டு பேரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், இது எங்கள் இருவரின் ஆசீர்வாதம். லீவைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டாம், சொன்னபடி வால் நட்சத்திரத்துக்கு வந்தால் போதும். இனி வீடியோவில் கூப்பிடும்போது முகத்தில் வெளிச்சம் படுகிற மாதிரி உட்கார வேண்டும், அங்கே இங்கே நகரக் கூடாது, அம்மாவின் பார்வை போகிற பக்கம் நீ முகத்தைத் திருப்பக் கூடாது. மற்றதை அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுகிறேன். நான் எங்கேயோ பாக்கறேன்னு அவ நினைக்க வேண்டாம், நேரா பாத்தா அவ மூஞ்சி மறைஞ்சு போகுது, அவ காதைப் பாத்தாத்தான் எனக்கு அவ முழுசா தெரியறா.

இப்படிக்கு,
இரண்டு காதையும் வழித்துக்கொண்டு நிற்கும்
உன் அப்பா